பின்

அதற்குப் பெயர் பின்.
முன்னால் போவதென்னவோ அதுதான்.

ஐந்து மில்லி தடிமன், உடம்பெல்லாம் மரை,
மேலே அகலமாய் ஒரு தோள்.
தோள் என்றுதான் சொல்கிறோம்;
சுமக்காது, அழுத்தும்.
நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு சுற்று.
ஒட்டிக் கிடத்திய இரண்டு அலுமினியத் தகடுகளின்
நடுக்கோட்டில் இறங்கி
சித்த நேரம் அங்கேயே நின்று சுழலும்,
பிறகு நகரும்.
உலோகம் இளகும்.
உருகாது.
இந்த வேலையின் மொத்தச் சங்கதியும் அவ்வளவுதான்.

நான் பதினோரு வருடம் ஆர்கான் வெல்டர்.
வெளிச்சம் அதிகமான இடத்தையெல்லாம்
கறுப்புக் கண்ணாடி வழியாகவே பார்த்தவன்.
சின்னவேடம்பட்டியில் இந்த மிஷினுக்கு மாற்றிய முதல் வாரம்
கை தானாகப் போய் நெற்றியில் ஹெல்மெட்டைத் தேடியது.
பொறியில்லை. புகையில்லை.
துவைக்கப் போட்ட சட்டையைப் பிரித்துப் பார்த்து
வீட்டில் கேட்டாள்:
"வெல்டிங்குக்குத்தான் போறீங்களா?
ஒரு பொத்தலக் கூடக் காணமுங்க."

ஐப்பசி, ராத்திரி ஷிப்ட்,
குருடிமலைப் பக்கம் மின்னல்.
பஸ் பேட்டரிக்கு அடியில் போகிற தட்டு,
பாதி தூரம் ஓடியிருந்தது.
கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் எழ ஏழு விநாடி.
அலுமினியத்துக்கு அது தாராளம்.
சுடச்சுட இடம் விட்டது
ஆறியதும் கவ்விக்கொண்டது.
கோராபுட்டிலிருந்து வந்த சத்ருக்ன மாஜி
இங்கே கற்ற தமிழில் சொன்னான்:
"விட மாட்டீங்குதுங்ணா."

டார்ச் காட்டிச் சூடாக்கி
மேலே தூக்கினோம்.
டக்.
தோள் மட்டும் எழுந்து வந்தது.

காலையில் அதைக் கழிவில் போடப் போனேன்.
க்வாலிட்டி பாவாத்தாள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.
பின்னோடு சேர்த்துக் கிடைமட்டமாய் அறுத்தாள்,
உப்புத்தாளில் தேய்த்தாள், வெல்வெட்டில் தேய்த்தாள்,
முகம் தெரிகிற வரை தேய்த்தாள்,
ஆசிட்டில் முக்கி அலசி, "பாருங்க" என்றாள்.

இடத் தகடு ஒரு ரகம், ஆசிட்டில் கறுக்கும்.
வலத் தகடு இன்னொரு ரகம், வெளுத்தே நிற்கும்.
நடுவில் எங்கள் உடைந்த பின், எஃகு, வட்டமாய்.
அதன் முன்னால் நின்ற உலோகம்
ஒரே பக்கமாய் ஒதுங்கிச் சுற்றிப்போய்
முதுகுக்குப் பின்னால் படிந்துகொண்டிருந்தது,
சுற்றுக்கு ஒரு பிறைக்கோடாக,
கறுப்பு, வெள்ளை, கறுப்பு.
கரண்ட் போன அந்த நொடி
அசையாமல் அங்கேயே இருந்தது.

"கலக்கலீங்க," என்றாள். "பின்னியிருக்குது."

இரண்டு வருடமாக என் கைக்குக் கீழே நடந்தது.
நேற்று வரை எனக்கு மூடிய கதவு.

அவள் அதோடு விடவில்லை.
மிச்சத் துண்டைக் குறுக்கே அறுத்தாள்.
வெகுநேரம் குனிந்திருந்தாள்.
அடியில், மயிரிழை மாதிரி, ஒரு கோடு.
"இங்க சேரலீங்க. சும்மா தொட்டுட்டு இருக்குது."
வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.
தட்டினாலும் தெரியாது.
வளைத்தால் வாய் பிளக்கும்.
பின் கால் மில்லி குட்டை.
நான்தான் போன மாதம் தேய்ந்த முனையைத் தீட்டி மாட்டினேன்.
சொல்லலாமா என்று ஒரு நொடி.
சொன்னேன்.

ராக்கியப்பன் முதலாளி என்னைப் பார்க்கவில்லை.
கால்குலேட்டரில் ஏதோ தட்டினார், அழித்தார்,
மறுபடி தட்டினார்.
பிறகு செங்கப்பள்ளி தாண்டிய லாரியைப்
போன் போட்டுத் திருப்பினார்.
நாற்பத்தியொரு தட்டு.

இப்போது புதுப் பின்.
காலையும் மாலையும் அளந்து எழுதி வைக்கிறேன்.
ஒவ்வொரு இணைப்பும் முடிகிற இடத்தில்
பின் எழும்பிய குழி ஒன்று நிற்கும்;
அதை அடைக்க உலோகம் மிச்சமிருக்காது.
அதற்கென்றே தகட்டுக்கு ஒரு வால் விட்டு வைத்து
கடைசியில் அறுத்துத் தள்ளுகிறோம்.

அப்படி ஒரு வாலை மாஜி ரூமுக்கு எடுத்துப் போயிருக்கிறான்.
குழியில் ஊதுபத்தி செருகியிருந்தான்.
குழி பெரிசு, பத்தி சின்னது.
சாய்ந்து எரிகிறது.